மெழுகும் கோடும்

ஓவியக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை வைக்கும் கண்காட்சிகளுக்கு விடாமல் போய்வருகிற பழக்கம் உள்ளவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எவையெவை இருக்கும் என்று ஏறக்குறைய ஜோசியம் சொல்லிவிடலாம். அந்தி வெயிலில் ஒரு ராஜகோபுரம் நிச்சயம் இருக்கும். திமிலைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு காளை இருக்கும். அரிதாரம் பாதி கலைந்த தெருக்கூத்துக்காரர் ஒருவர், நெற்றியில் வியர்வை அரும்ப, நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் நடுநாயகமாக, முகமெல்லாம் சுருக்கம் ஓடிய ஒரு பாட்டி, பாம்படம் தொங்கும் காதோடு, பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டிருப்பாள். வரைந்த பிள்ளைகளின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டியின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு அவர்களுடைய தூரிகை கூர்மையானது. ஆனாலும் பத்தாவது பாட்டியைக் கடக்கும்போது, இவர்கள் தங்கள் ஊரைப் பார்த்து வரைந்தார்களா, அல்லது 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் தாமாக வந்து நிற்கிற படங்களைப் பார்த்து வரைந்தார்களா என்ற சந்தேகம் எழாமல் இருப்பதில்லை.

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரமாக, செங்கல் கட்டடங்களும் முதிய மரங்களும் அம்மரங்களின் அடியில் பாதி செதுக்கி நிறுத்திவிட்ட கல்லுருவங்களுமாக இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியில், ஓர் ஆசிரியரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும், சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த வேளையில், இதே கேள்வியைத் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொண்டு, அதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். ஓவியம் என்றால் காலண்டர்ப் படமும் சினிமா பேனரும்தான் என்று பொதுஜனங்கள் நினைத்திருந்த காலம் அது. அவர்கள் கண்ட விடைகளுக்கு விமர்சகர்கள் பிற்பாடு 'மதராஸ் கலை இயக்கம்' என்று நாமகரணம் செய்தார்கள். பெயர் என்னவோ பெரிதாக இருக்கிறது. நடந்ததோ, சில வகுப்பறைகளுக்குள்ளும் ஒரு சவுக்குத் தோப்பிலும் அடங்கிவிடக்கூடிய காரியம்.

அந்த வித்தியாசாலை ஓவியர்களை உண்டாக்குவதற்காக ஏற்பட்டதே அன்று. கும்பெனியாரின் படையில் வைத்தியராக இருந்த அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர், தம் சொந்தச் செலவில் 1850-ல் அதைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. செங்கல், ஓடு, மண்பாண்டம், மேஜை நாற்காலி, அச்சுப்படம் ஆகியவற்றைச் சீமைச் சரக்குக்கு ஈடாகச் செய்யக்கூடிய கைவினைஞர்களைப் பயிற்றுவிப்பதும், நம்மவர்களுடைய ரஸனையைச் சீர்திருத்துவதும் அதன் நோக்கங்கள். நடராஜரையும் நாச்சியாரையும் வார்த்த கைகளின் வாரிசுகளுக்கு ரஸனை கற்பிக்கப் புறப்பட்ட இந்தத் துணிச்சலைப் பற்றி இன்று சிரித்துக்கொள்வது எளிது. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்புப் பிரதிகளை முன்னால் வைத்துக்கொண்டு, வெளிச்சம் விழுந்த பக்கத்தை விட்டு நிழல் விழுந்த பக்கத்தைப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்குவதுதான் அங்கே பாலபாடம். இருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உலை இருந்தது, சூளை இருந்தது, தறி இருந்தது, தச்சுப் பட்டறை இருந்தது. 1884-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஹாவெல், மாகாணமெங்கும் சுற்றி நெசவாளர்களையும் கன்னார்களையும் கண்டு அவர்களுடைய தொழில்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளை நடத்தினார். நம் வீட்டு அடுப்பங்கரைக்கு அலுமினியம் வந்த பாதை ஓவியப் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்த பாதை என்பது பலருக்குத் தெரியாது. பட்டறைப் புழுதி படிந்த இந்தப் பூர்வோத்தரத்தை நான் இவ்வளவு விஸ்தரிப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வந்த மாணாக்கர்களுக்கு அடையாளம் என்று ஏதாவது அகப்பட்டதென்றால், அது பெரும்பாலும் இந்தப் புழுதியிலிருந்துதான் அகப்பட்டது.

1929-ல் தேவிபிரசாத் ராய் சௌதுரி வங்காளத்திலிருந்து வந்து, அந்தப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர், ஆனால் குருவின் மென்மையான நீர்வண்ணத்தைவிடக் களிமண்ணும் வெண்கலமுமே அவர் கைக்கு ஒத்துவந்தன. மெரீனாக் கடற்கரையில் நாலு பேர் பாறையைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்களே, 1959-ல் வைத்த அந்த உழைப்பாளர் சிலை அவர் சிருஷ்டி. அதற்கு மாடலாக நின்றவர்கள் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் என்று சொல்வதுண்டு. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் அங்கே கோலோச்சினார். அவரிடம் மனித உடலின் எலும்பையும் தசையையும் கற்றுத் தேறியவர்களில் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-ல் கோயம்புத்தூரில் பிறந்து, தந்தி இலாகாவில் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில், அதாவது சகபாடிகள் படிப்பை முடித்து வெளியேறும் பிராயத்தில், 1936-ல் மாணவராக உள்ளே நுழைந்தவர் பணிக்கர். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் சில நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954-ல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் தம் படங்களை எடுத்துச் சென்று, அங்குள்ள காட்சிக்கூடங்களை நேரில் கண்டு திரும்பினார். வான்காவின் தூரிகை வேகமும் மத்தீஸின் வண்ணமும் அவரைக் கவர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் ஐரோப்பியர் நூறு வருஷம் முட்டி மோதிக் கண்ட முடிவுகளை நாம் எடுத்துப் பூசிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது, அஜந்தாவைத் திரும்ப வரைவதில்தான் என்ன பிரயோஜனம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்து அவரை நெருக்கத் தொடங்கின. 1957-ல் அவர் கல்லூரியின் தலைவரானபோது, அது அவருடைய சொந்த மனவேதனை என்ற நிலை மாறி வகுப்பறைப் பாடமாயிற்று.

விசித்திரம் என்னவென்றால், அதே 1957-ல்தான் மாமல்லபுரத்தில் அரசாங்கம் சிற்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. அங்கே சேர்ந்த மாணவனுக்கு எதை எப்படிச் செய்வது என்ற குழப்பமே கிடையாது. முகத்தின் நீளம் ஒரு தாளம். உத்தம தசதாளத்தில் அமையும் தெய்வ உருவம் 124 அங்குலம். கண் இவ்வளவு, நாசி இவ்வளவு, இரண்டு முலைக்கும் இடையே இவ்வளவு என்று சாஸ்திரம் வகுத்திருக்கிறது. அதை மனனம் செய்து, உளியைப் பழக்கி, பல ஆண்டு சாதகத்துக்குப் பிறகு அவன் ஸ்தபதியாகிறான். அக்கல்லூரிக்கு நெடுங்காலம் தலைமை வகித்த கணபதி ஸ்தபதிதான் 2000-ஆம் ஆண்டு கன்னியாகுமரியில் எழுந்த 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர். பாரம்பரியம் என்பது அங்கே கைக்கு வந்த சொத்து. அளந்து பார்க்கலாம், அடுத்தவன் கையில் ஒப்படைக்கலாம். பூந்தமல்லிச் சாலையில் சேர்ந்த பையனுக்கோ அப்படிப்பட்ட பட்டா எதுவும் கிடையாது. அவன் அப்பா வயலில் இருந்தார், அல்லது ரயில்வேயில் இருந்தார். அவனுக்குத் தெரிந்த சித்திரம் வாசலில் அம்மா போட்ட கோலமும் சுவரில் மாட்டிய முருகன் படமும்தான். தன்னுடையது எது என்பதை அவன் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவன் கண்டுபிடித்த முதல் பொருள் கோடு.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ஓர் உருவம் நிழலாலும் ஒளியாலும் எழுகிறது. விளிம்பில் கோடு இருந்தாலும் அது நிழலுக்குள் கரைந்துபோக வேண்டியது. நம்முடைய கோலத்தில் நிழல் ஏது? புள்ளியைச் சுற்றி வளைந்து, தன்னைத் தானே வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் இழை ஒன்றுதான் அங்கே எல்லாம். அந்த இழையின் வேகத்திலும் தயக்கத்திலும் இருந்தே போட்டவள் கைத்தேர்ச்சி உள்ளவளா, நேற்றுப் பழகியவளா என்று தெருவில் போகிறவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பாந்தியன் சாலையில், எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளை ஒரு பக்கமாக நின்று பார்த்தால், தோளிலிருந்து இடை வழியாகக் குதிகால் வரை எங்கும் அறாமல் இறங்கிவரும் ஒரே ஒரு ஓட்டம் கண்ணுக்குப் புலப்படும். மற்ற நகைநட்டெல்லாம் அந்த ஓட்டத்தின் மேல் பிற்பாடு பூத்தவை போலத் தோன்றும். அமராவதிச் சலவைக்கற்களில் ஒன்றன்மேலொன்றாக நெரியும் உருவங்களைப் பிரித்துக் காட்டுவதும் கோடுதான். ஸ்கெட்ச் புத்தகத்தோடு அந்த மண்டபங்களுக்குச் சென்றவர்களுக்குக் கிரேக்கப் பிரதிகள் சொல்லாத சங்கதி ஒன்று அங்கே காத்திருந்தது.

கல்லூரியில் அவர்களுக்கு வாய்த்த உபாத்தியாயர்களும் கோட்டில் பித்துக்கொண்டவர்கள். மயிலாப்பூரில் பிறந்து, ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாக மாறிய எஸ். தனபால், திருவண்ணாமலையிலிருந்து வந்த ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி ஆகிய மூவரும் கரித்துண்டைக் கையில் எடுத்தால் உருவம் வருகிறதோ இல்லையோ, கோட்டுக்கு உயிர் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்கள். இந்த வளர்ப்பில் உருவானவர் கே.எம். ஆதிமூலம். துறையூருக்கு அருகே கீராம்பூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த இவர், காந்தி நூற்றாண்டான 1969-ல், காந்தியடிகளை வெறும் கறுப்பு மையால் வரைந்து வரைந்து தீர்த்தார். தண்டி நோக்கி நடந்த அந்த மெலிந்த காலும், குனிந்த முதுகும், மூக்குக்கண்ணாடியும் அவர் பேனாவில் முறுக்கிய கயிறுகள் போலாயின. புகைப்படங்களில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு முகம், கோட்டின் பதற்றத்தால் மறுபடியும் புதிதாயிற்று. காந்தியை வரைவது கோபுரத்தை வரைவதைப் போல எளிதில் சடங்காகிவிடக்கூடிய விஷயம். அப்படி ஆகாமல் காப்பாற்றியது கோடுதான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நன்றிக்கடனை நினைத்துக்கொள்ள வேண்டும். நவீன ஓவியத்தை நம்மில் பலர் முதன்முதலில் கண்டது எந்தக் காட்சிக்கூடத்திலும் அன்று. 'கசடதபற' போன்ற சிறுபத்திரிகைகளின் பக்கங்களிலும், கவிதைத் தொகுதிகளின் மேலட்டைகளிலும், பிற்பாடு கி. ராஜநாராயணன் வாரப்பத்திரிகையில் கரிசல் காட்டைப் பற்றி எழுதிவந்த கட்டுரைகளுக்குப் பக்கத்திலும் ஆதிமூலத்தின் கோடுகள் வந்தபோது, 'இது என்ன கிறுக்கல்' என்று முகம் சுளித்தவர்களும், சுளித்துவிட்டுத் திரும்பவும் அதே பக்கத்தைப் புரட்டியவர்களும் நம்மில் ஏராளம்.

பணிக்கருடைய சொந்தத் தேடலுக்கு விடை வந்த விதம் இன்னும் வேடிக்கையானது. 1963-ல், யாரோ ஒரு மாணவனுடைய கணித நோட்டுப் புத்தகத்தின் தாள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எண்களும், சிறிதும் பெரிதுமான ஆங்கில எழுத்துக்களும், ஜியோமிதி உருவங்களும் நெருக்கமாக நிரம்பியிருந்த அந்தத் தாளை, கணக்கு என்பதை மறந்துவிட்டுப் படமாகப் பார்த்தார். நம்முடைய ஜாதகக் கட்டமும், ஏட்டுச் சுவடியும், தாயத்துத் தகடும், கோயில் சுவரின் கல்வெட்டும் இப்படித்தானே, படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கும் ஏதோ ஒரு ரகசியம் சொல்வது போல நிற்கின்றன என்று தோன்றியது. அதிலிருந்து பிறந்தவைதான் 'சொற்களும் குறிகளும்' என்ற அவருடைய வரிசை ஓவியங்கள். வெளிர்நிறப் பரப்பில், மலையாள எழுத்துப் போலத் தோன்றும், ஆனால் ஒரு சொல்லாகவும் படிக்க முடியாத வரிகள். இடையிடையே கட்டங்கள், மீன், பறவை, நட்சத்திரம். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பரீட்சைக்குப் பயந்து போட்ட கணக்கு, இந்திய நவீன ஓவியத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்றுக்குப் பிள்ளையார் சுழியாக அமைந்தது. வயதைப் பதினைந்து என்று சொன்னது என் ஊகம்தான். கணக்கு அப்படிப் பயமுறுத்துகிற வயது அது.

எழுத்து அந்த வட்டாரத்தில் பலரையும் பிடித்துக்கொண்டது. ரெட்டப்ப நாயுடு தம் தெய்வ உருவங்களைச் சுற்றித் தெலுங்கு எழுத்துக்களை ஓடவிட்டார். பழங்குடிகளின் உருவங்களில் தோய்ந்திருந்த சுல்தான் அலி, காளையும் நாகமும் நிறைந்த தம் படங்களில் நாகரி போன்ற எழுத்துக்களைப் பொறித்தார். ஹரிதாசன் யந்திர தந்திரங்களின் சக்கரங்களுக்குள் புகுந்தார். இவற்றில் சிறந்தவை மிகச் சிறந்தவை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், ஒருவர் கண்டதைப் பத்துப் பேர் பின்பற்றியபோது, யந்திரமும் எழுத்தும்கூட ஒருவகைப் பாம்படமாயின. வெளிநாட்டார் பார்த்தவுடன் 'இது இந்தியா' என்று தெரிந்துகொள்ள வசதியான முத்திரை என்ற அளவில் அவை நின்றுவிட்ட படங்களும் உண்டு. இதை அந்நாளிலேயே உணர்ந்து விலகி நின்றவர்களும் இருந்தார்கள், ஆர்.பி. பாஸ்கரன் யந்திரத்தையும் மந்திரத்தையும் ஒதுக்கிவிட்டுப் பூனைகளை வரைந்தார். அந்தப் பூனைகளின் கண்ணில் இருக்கிற அலட்சியம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சிற்பிகளின் விஷயத்தில் பாரம்பரியம் இன்னும் நேராகக் கைக்கு வந்தது. கோயிலில் மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிறார்களே, அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். உள்ளே கல், வெளியே தகடு; தகட்டைப் பின்னாலிருந்து தட்டிப் புடைக்கச் செய்த முகம், கை, மாலை. பி.வி. ஜானகிராம் அந்தக் கவசத்தையே தனிச் சிற்பமாக்கினார். தாமிரத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன்மேல் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, கண்ணும் புருவமும் ஆபரணமும் கம்பியாலேயே எழுதிக் காட்டினார். அதாவது ஓவியரின் கோடு அவர் கையில் உலோகக் கம்பியாயிற்று. சுற்றிவந்து பார்க்க வேண்டிய ஐரோப்பியச் சிலை போலன்றி, எதிரே நின்று சேவிக்க வேண்டிய மூர்த்தி போல அது முகம் காட்டி நின்றது. பணிக்கரின் புதல்வர் நந்தகோபால் பிற்காலத்தில் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து எழுப்பிய உருவங்களும் இந்த முறையில் வந்தவையே. நூறு வருஷத்துக்கு முன்பு செம்பு தட்டக் கற்றுக்கொடுத்த பட்டறைக் கல்லூரி அது என்பதை நினைத்துக்கொண்டால், விஷயம் இன்னும் சுவைக்கிறது.

இவ்வளவும் சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? படித்து முடித்த மாணவனுடைய ஓவியத்தை அந்நாளில் விலைகொடுத்து வாங்குவார் யாருமில்லை. சினிமாக் கம்பெனிக்கோ விளம்பரக் கம்பெனிக்கோ போனவர்கள் மெல்ல மெல்லத் தம் படத்தை மறந்தார்கள். ஆதிமூலத்தைப் போலச் சிலர் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்கு அமர்ந்து சேலைக்கரைக்கு வடிவம் தந்தார்கள். மற்றவர்களுக்காகப் பணிக்கர் கண்ட உபாயம் பாத்திக். ஜாவாத் தீவில் பேர்போன அந்த முறையில், துணிமேல் உருக்கிய மெழுகால் சித்திரம் எழுதி, சாயத் தொட்டியில் முக்கியெடுத்தால், மெழுகு பட்ட இடம் சாயம் ஏறாமல் நிற்கும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் மட்டும் நரம்பு நரம்பாகச் சாயம் உள்ளே இறங்கும். பிறகு கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று போய்விடும். பகலில் கொஞ்ச நேரம் இதைச் செய்து பிழைத்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் யாருக்கும் தலைவணங்காமல் தம் படத்தைத் தாம் வரையலாம் என்பது ஏற்பாடு. சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். இங்கேயும் மெழுகுதான், இங்கேயும் அது காரியத்தை முடித்துவிட்டுக் காணாமற் போகிறது. இந்த ஒப்புமையை அந்த இளைஞர்கள் நினைத்தார்களோ என்னவோ, எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாத்திக் துணிகள் விற்றன. தோல்வேலையும் உலோகவேலையும் விற்றன. அந்தப் பணத்திலிருந்து, நகரத்துக்குத் தெற்கே கடலோரம் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் மணற்காடு வாங்கினார்கள். 1966-ல் அங்கே எழுந்த ஓவியர் கிராமத்துக்கு அந்தக் கடற்கரையின் பழம்பெயரையே வைத்தார்கள்: சோழமண்டலம். கோரமண்டல் என்று வெள்ளைக்காரர் வாயில் சிதைந்து கிடந்த பெயர் அப்படித் தன் உருவத்துக்குத் திரும்பியது. ஏறக்குறைய 40 கலைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கிற அவ்விடத்தில் அன்று சவுக்கு மரங்களும் மணலும் பாம்புகளுமே குடியிருந்தன. கூரைக் கொட்டகைகளில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் முந்தாநாள் வரை மாணவர்களாக இருந்தவர்கள். அரசாங்க மானியத்தையோ பிரபுக்களின் தயவையோ எதிர்பாராமல், சாயம் தோய்ந்த தங்கள் கையை நம்பியே ஊர் ஒன்று அமைத்துக்கொண்ட கலைஞர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

அவர்களில் கே. ராமானுஜத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பள்ளிப் படிப்பு ஏறவில்லை, பேச்சு தடுமாறும், மனநோயின் நிழல் சிறுவயதிலிருந்தே தொடர்ந்தது. வேறெந்தக் கல்லூரி வாசலும் அவருக்குத் திறந்திருக்காது, பணிக்கர் திறந்தார். அவர் மையால் வரைந்த உலகத்தில் கோபுரங்கள் உண்டு, ஆனால் அவை எந்த ஊரிலும் இல்லாதவை. ஒன்றன்மேலொன்றாக எழும் மாடங்களும், யாளியும் நாகமும், சிறகு முளைத்த பெண்களும் நிறைந்த அந்த அரண்மனைகளுக்கு நடுவே, தொப்பி அணிந்த சிறிய மனிதன் ஒருவன் ராஜகுமாரனைப் போல வீற்றிருப்பான். அவன்தான் ராமானுஜம். அம்புலிமாமாக் கதையும் கோயில் தேரும் பொம்மைக் கொலுவும் கலந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் கனவு, யாருடைய உபதேசமும் இல்லாமல், அங்குலத்துக்கு அங்குலம் கோடாக இறங்கியிருக்கிறது. முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்தில், 1973-ல், சோழமண்டலத்திலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரை வைத்து சி. மோகன் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். டி.கே. பத்மினியும் அற்பாயுளில் போனவரே. பொன்னானிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இக்கல்லூரியில் படித்து, தம் ஊர்ப் பெண்களையும் மரங்கள் இருண்ட காவுகளையும் வரைந்துகொண்டிருந்தவர், 1969-ல் பிரசவத்தில் மறைந்தார். இந்த வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் வரிசையாக ஆண்களின் பெயர்களையே அடுக்குகிறார்கள். நானும் இதுவரை அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன். அக்காலத்தில் பெண்கள் அந்த வகுப்பறைகளுக்குள் வந்ததே அபூர்வம் என்பது காரணமே தவிர நியாயமாகாது.

இன்று நிலைமை வேறு. சென்னைக் கல்லூரியிலும் கும்பகோணத்தில் உள்ள அதன் சகோதரக் கல்லூரியிலும் பெண்கள் திரளாகப் படிக்கிறார்கள். தறிக்காரர், கூலிக்காரர், செங்கற்சூளையில் வேலை செய்பவர் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டிலேயே முதல் பட்டதாரிகளாக வந்து தூரிகை பிடிக்கிறார்கள். கொச்சியில் நடக்கிற பெரிய கலைவிழாவில் 2014 முதல் மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கான்வாஸில் எண்ணெய் வண்ணம் என்ற கட்டுக்கெல்லாம் அங்கே இடமில்லை, பழைய சாக்கும் துருப்பிடித்த தகரமும் அப்பாவின் மண்வெட்டியும்கூடப் படைப்பாகின்றன. கோபுரத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம் என்று கேட்கிறார்கள். பணிக்கர் காலத்து இளைஞர்கள் இந்தியா என்றும் தென்னாடு என்றும் பெரிதாகப் பேசினார்கள். இவர்கள் தெருப்பெயரையும் தொழிற்பெயரையும் சொல்லிப் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சு அதிகமாகப் புரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கண்காட்சியில், பாட்டிகளின் வரிசையைக் கடந்து நடையின் கோடிக்கு வந்தபோது, இந்தியன் மையால் வரைந்த சிறு படங்கள் ஏழெட்டு, சட்டம்கூடப் போடாமல், குண்டூசியால் குத்தி வைத்திருந்தது கண்ணில் பட்டது. முகம் இல்லை, உடம்பு இல்லை. நீண்டு தொங்கும் வளையம் போன்ற ஒரே ஒரு கோடு, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் நூலாக மெலிந்தும் ஓடியிருந்தது. பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாம்படம் போட்ட காதா, தம்பி?" என்று, தெரிந்தவன் தோரணையில் கேட்டேன்.

"பாம்படம் திருநெல்வேலிப் பக்கம் சார். எங்க ஊர்ல தண்டட்டின்னுதான் சொல்லுவாங்க" என்றான். சற்றுத் தயங்கிவிட்டு, "அதையும் நான் பார்த்ததில்ல. அத்தை கல்யாணத்துக்கு அழிச்சுட்டாங்களாம். எங்க அப்பத்தாவுக்கு எனக்குத் தெரிஞ்சு வெறுங்காதுதான். மடியில படுத்துக்கிட்டு அதுக்குள்ள விரலை விட்டு ஆட்டிக்கிட்டே இருப்பேன் சார், தூங்குற வரைக்கும்" என்றான்.

திரும்பவும் படத்தைப் பார்த்தேன். கோடு எங்கே மெலிந்திருந்ததோ, அங்கேதான் அந்த விரல் பட்டிருக்க வேண்டும்.